நிங்நிங் எதற்கு அழுகிறாள்

பெய்யுன் வேலை பார்த்தது எரிவாயுக் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில். தைவானின் கீலுங் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் கோபத்தைக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. கேஸ் வரவில்லை என்று கத்துவார்கள், வந்த ஆள் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று கத்துவார்கள், எதற்கென்றே சொல்லாமலும் கத்துவார்கள். அவள் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் அந்த ஆளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைப் பிடித்துவிடுவாள். சிலருக்குப் பழுது பார்க்க ஆள் வேண்டும். சிலருக்கு யாராவது மன்னிப்புக் கேட்டால் போதும். சிலருக்குப் பேச ஆளில்லை, அவ்வளவுதான். மற்றவர்களால் சமாளிக்க முடியாத அழைப்புகள் அவள் மேசைக்கே வந்து சேரும்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் வேலைக்கு வந்த நாட்களில் பக்கத்து நாற்காலிக்காரி கேலி செய்வாள்.

"உனக்கென்னடி கவலை? உன் புள்ள வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உனக்கு வெளங்கிடும்."

பெய்யுன் சிரிப்பாள். உள்ளுக்குள் அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. முகம் தட்டுப் போல வட்டம், கண்கள் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இருந்தன. முதல் அழுகை வந்ததும் பிரசவ அறைத் தாதி ஒருத்தி செய்த வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அட, பூனைக்குட்டிய யாரு உள்ள விட்டது?"

எல்லோரும் சிரித்தார்கள். மெல்லிசாக, உச்சத்தில், கதவுக்கு வெளியே நின்று குட்டிப் பூனை கூப்பிடுவது போல இருந்தது அந்தக் குரல். அத்தனை வலியிலும் பெய்யுனுக்கும் சிரிப்பு வந்தது.

அவர்கள் வீடு மலைச்சரிவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. கணவன் போஷியாங்கும் அவன் அப்பாவும் கோவில் வாசலில் மீன் விழுதைப் பொரித்து விற்கும் கடை நடத்தினார்கள். மாமியார் உயிரோடு இல்லை. பெய்யுனின் அம்மா தூரத்துத் தைதுங்கில் மகன் வீட்டுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், வர வழியில்லை. அதனால் பிரசவ மாதத்துக்கென்று ஒரு பெண்மணியை அமர்த்தியிருந்தார்கள். சியூ அக்கா என்றால் அந்த ஊரில் பாதி வீடுகளுக்குத் தெரியும். காலையில் வந்தால் மாலைவரை இருப்பாள். நல்லெண்ணெயில் இஞ்சியைக் கருக வதக்கி, அரிசி மது ஊற்றிக் கோழி சமைப்பாள். அந்த வாசனை கட்டடத்தின் கீழ்ப்படி வரை இறங்கும்.

வந்த முதல் நாளே சியூ அக்கா குழந்தையைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு அழுகையைக் கேட்டாள்.

"பசி," என்றாள்.

"எப்படிக்கா தெரியுது?"

"விட்டு விட்டு வருது பாரு. வயிறு காலியா இருந்தா மூச்சு பத்தாது, நடுவுல நிக்கும். காத்து அடைச்சிருந்தா ஒரே இழுப்பா இழுக்கும், முட்டி மேல வரும். தூக்கம் வந்தா சண்டைக்காரி மாதிரி முனகும். சும்மா தூக்கிக்கணும்னு அழற அழுக இருக்கே, அதுல கண்ணீரே வராது. எல்லாம் ஒரு மாசத்துல நீயே புடிச்சுப்ப. நான் எதுக்கு இருக்கேன்?"

பெய்யுனுக்கு நிம்மதியாக இருந்தது. புது வேலையில் சேர்ந்தவளைப் போல, ஒவ்வொரு தடவையும் சியூ அக்கா சொல்வதற்கு முன்னால் மனதுக்குள் தானே ஒரு பதில் சொல்லிப் பார்த்தாள். பசி. சியூ அக்கா காற்று என்பாள். தூக்கம். சியூ அக்கா ஈரம் என்பாள், பார்த்தால் துணி காய்ந்துதான் இருக்கும். "இப்ப போகப் போறா," என்று சொல்லிச் சமாளிப்பாள் சியூ அக்கா. எத்தனை கேட்டாலும் பெய்யுன் காதுக்கு எல்லா அழுகையும் ஒரே அழுகையாக இருந்தது. அதே மெல்லிசு, அதே உச்சம்.

பால் குடிப்பதும் சரியாக இல்லை. இரண்டு இழுப்பு இழுத்ததும் களைத்துப்போய் வாயை விட்டுவிடும். பால் மூக்கு வழியாக வரும். பப்பாளிக்காய் போட்டு மீன் ரசம் வைத்துக் கொடுத்தாள் சியூ அக்கா. பெய்யுனுக்கு மார்பு கட்டி வலித்ததே தவிர குழந்தை உடம்பு தேறவில்லை.

பெயர் வைப்பவரிடம் போய்வந்த மாமனார் ஷிநிங் என்று எழுதிக்கொண்டு வந்தார். நிங் என்றால் அமைதி. "பேருல வச்சாவது அடங்குதான்னு பாப்போம்," என்றார். வீட்டில் நிங்நிங் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அடங்கவில்லை.

ஒரு நாள் பிற்பகல் கீழ்வீட்டு லாய் படியேறி வந்து கதவைத் தட்டினார். குடியிருப்போர் சங்கத்தில் அவர்தான் செயலாளர். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த போஷியாங் கதவைத் திறந்தான்.

"தம்பி, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. எனக்கும் மிருகம்னா பிரியம்தான். ஆனா கட்டடத்துல பூனை கூடாதுன்னு எல்லாருமா சேந்து முடிவு பண்ணது. ராவும் பகலும் கத்துது. சோறு கீறு போடறீங்களா இல்லியா அதுக்கு?"

போஷியாங் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளே ஓடிப்போய் நிங்நிங்கைத் துணியோடு அள்ளிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினான்.

"இந்தாங்க லாய் சார், நம்ம பூனை! எலியெல்லாம் இன்னும் புடிக்கல!"

லாய்க்கு முகம் சிவந்துவிட்டது. குழந்தையின் கன்னத்தைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். மறுநாள் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கதவுப்பிடியில் தொங்கியது.

போஷியாங் இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அறைக்குள் படுத்திருந்த பெய்யுனுக்குச் சிரிப்பு வரவில்லை. சியூ அக்காவும் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அன்றைக்கு அப்புறம் நிங்நிங் அழுதால் சியூ அக்கா உடனே வாயைத் திறந்து பசி, காற்று என்று சொல்வதில்லை. தூக்கி வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

"என்னக்கா இது, பசியா?"

"இருக்கும்."

"இருக்கும்னா?"

"ரசம் ஆறுது, குடி."

மாமனாருக்கு வேறு விளக்கம் இருந்தது. குழந்தை எதையோ கண்டு பயந்திருக்கிறது என்றார். நிங்நிங்கின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு, கடைக்கு எதிரே இருந்த கோவிலுக்குப் போனார். அங்கே நீல அங்கி போட்ட பெண்மணி ஒருத்தி சட்டையின் மேல் ஊதுவத்தியைச் சுற்றி, ஒரு கிண்ண அரிசியைத் துணியில் கட்டிக் கவிழ்த்து, அரிசி விழுந்த கோலத்தைப் பார்த்து, நாய் என்றாளாம்.

"நாயக் கண்டு பயந்துருக்கு. அதான்," என்றார் மாமனார். அவர் குரலில் அவ்வளவு திருப்தி. "நாய் எங்க பாத்துதுன்னு கேக்காதீங்க. வயித்துல இருக்கறப்பவே பாத்துருக்கும். பெய்யுன், ஆபீஸ் போற வழியில ஒரு கருப்பு நாய் படுத்துருக்கும்ல?"

"ஆமாப்பா," என்றாள் பெய்யுன். அப்படி எந்த நாயும் இல்லை.

அந்தச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். நிங்நிங் அன்று சாயங்காலம் முழுக்கத் தூங்கினாள். கடையிலிருந்து போஷியாங் வறுத்த ஈரல், நூடுல்ஸ் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தான். மாமனார் ஒரு கோப்பை மது குடித்துவிட்டு, தன் காலத்து மீன் ஏலக்காரர்கள் எப்படிக் கூவுவார்கள் என்று கூவிக் காட்டினார். அவ்வளவு சத்தத்திலும் குழந்தை எழவில்லை. பெய்யுன் கட்டிலில் சாய்ந்து, தொட்டிலைப் பார்த்துக்கொண்டே, தான் எவ்வளவு அசடு என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாய்க்காகவா இத்தனை பயந்தோம்!

மறுநாள் காலையிலேயே அந்தக் குரல் திரும்ப வந்துவிட்டது.

பெய்யுன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சியூ அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழாத! மாசம் முடியாம அழுதா கண்ணு போயிடும்டி! அவ அழட்டும், அவளுக்குப் பரவாயில்ல. நீ அழக்கூடாது!"

"நான் எதுக்கு அழறேன்னு உங்களுக்காவது தெரியுதாக்கா?"

சியூ அக்கா ஈரத்துணி கொண்டுவந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

மாதம் நிறைந்தது. எண்ணெய் மினுங்கும் பசையரிசிச் சோறும் சிவப்புச் சாயம் பூசிய முட்டையும் பெட்டி பெட்டியாகச் சொந்தக்காரர்களுக்குப் போயின. வந்து பார்த்த சித்தி ஒருத்தி, "எவ்ளோ மென்மையான குரல்! நல்ல எடத்துல வாக்கப்படுவா," என்றாள். போஷியாங் எல்லோருக்கும் குனிந்து நன்றி சொன்னான்.

அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் போனார்கள். போஷியாங் கடையை விட முடியவில்லை, கூடுதலாக ஒரு வாரம் இருந்த சியூ அக்கா கூட வந்தாள். வழக்கமான டாக்டர் இல்லை. வெங் என்று ஓர் இளைய டாக்டர், சளி பிடித்த மூக்கோடு கணினியைப் பார்த்துக்கொண்டே எடை, பால், மலம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாதி ஊசியைப் போட்டாள். நிங்நிங் அழுதாள்.

டாக்டரின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. அவர் திரும்பவில்லை. அழுகை அடங்கும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துவந்து குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், காதுகளைப் பார்த்தார், உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தான் அழுவாளா?"

"ஆமா. பொறந்ததுலேர்ந்து."

அவர் நிங்நிங்கின் பாதத்தை விரலால் சுண்டினார். அவள் மறுபடி அழுதாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெய்யுனுக்கு அந்தத் தலைச்சாய்ப்பு தெரியும். அவளே ஹெட்போனுக்குள் அப்படித்தான் கேட்பாள், என்ன வேண்டும் என்று பிடிபடும் நேரத்தில்.

"என்ன டாக்டர், எதுக்கு அழறா?"

"ஊசி வலிக்கும்ல," என்றார் அவர். "கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். இங்க இல்ல, தைபே பெரிய ஆஸ்பத்திரில. எழுதித் தரேன்."

அந்த வாரத்தோடு சியூ அக்காவின் கணக்கு முடிந்தது. கடைசி நாள் ஏப்ரனை மடித்துப் பையில் வைத்தபோது, அடுத்த வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது, இரட்டைப் பிள்ளைகளாம் என்றாள். பெய்யுன் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"அக்கா, நெஜத்தைச் சொல்லிட்டுப் போங்க. அவ அழுகைல ஏதோ இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாது."

"அத்தன கொழந்தைங்கள வளத்தீங்க. பசி இப்படி, காத்து இப்படின்னு சொன்னீங்களே!"

சியூ அக்கா செருப்பு மாட்டும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "சொன்னேன். எல்லா வீட்லயும் சொல்லுவேன். பாதி வாட்டி சரியா இருக்கும், பாதி வாட்டி இருக்காது. பசின்னு சொன்னா அம்மாக்காரி நிம்மதியாவா. அவ நெஞ்சு படபடப்பு அடங்கிச்சுன்னா, மேல சாஞ்சிருக்கற புள்ளையும் அடங்கிடும். அதுக்காகச் சொல்றதுதான். உன் புள்ளைக்கு அதுவும் வேலைக்காகல. ஒரு வாரம் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். அப்புறம் எனக்கே பயமாப் போச்சு. என்கிட்ட கேக்காத, பொண்ணு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் படியிறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

தைபேயில் முடிவு சொன்ன நாளில் போஷியாங் வந்திருந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. அறையில் ஒரு பெண் டாக்டரும், சும்மா உட்கார்ந்திருக்க என்று ஒரு சமூக சேவகியும் இருந்தார்கள். அந்தச் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததுமே பெய்யுனுக்கு விளங்கிவிட்டது. ஐந்தாவது குரோமோசோமில் ஒரு நுனி இல்லை என்றார் டாக்டர். தானாக நேர்ந்தது, யார் மேலும் தப்பில்லை. மூளை வளர்ச்சி மிகவும் பின்தங்கும். நடக்க வருஷங்கள் ஆகலாம். பேச்சு வருமா என்று சொல்ல முடியாது, வராமலே போகலாம். குரல்வளையின் அமைப்பு வேறு மாதிரி இருப்பதால் அழுகை இப்படி ஒலிக்கிறது.

"அந்த அழுகைய வச்சுத்தான் நாங்க முதல்ல சந்தேகப்படுவோம்," என்றார்.

போஷியாங் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். பெய்யுன் கேட்டாள்.

"அப்ப அவ அழறப்ப என்னதான் சொல்றா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "அது குரல்வளையோட சத்தம்மா. தொண்டை அப்படி அமைஞ்சிருக்கு."

"அது சரி. பசிச்சா, வலிச்சா, அதெல்லாம்?"

"எல்லாக் கொழந்தைங்களுக்கும் இருக்கறதுதான் இவளுக்கும். கண்டுபுடிக்கறது கொஞ்சம் கஷ்டமா இருக்கும்," என்றார் டாக்டர். சமூக சேவகி டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் முழுவதையும் மகன் வாயால் கேட்டார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கிழக்குக் கரையில கன்னியாஸ்திரீங்க நடத்தற எடம் ஒண்ணு இருக்காம். மீன் குடுக்கற ஹுவாங் சொன்னான். சுத்தமா இருக்குமாம். போய்ப் பாத்துட்டும் வரலாமாம்."

பெய்யுன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "அப்பா, உங்களுக்கு அவ வேண்டாமா?"

"நான் அப்படிச் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் சின்னப் பசங்க. நான் இன்னும் எத்தன நாளைக்கு? எனக்கப்புறம், உங்களுக்கப்புறம், அவள யாரு பாப்பா? அதத்தான் கேக்கறேன். யாராவது பதில் சொல்லுங்க."

போஷியாங்கைப் பார்த்தாள் பெய்யுன். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். அந்தத் துண்டில் முள்ளே இல்லை.

"நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்றது," என்றான் அவன்.

உள்ளே நிங்நிங் அழுதாள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார்கள். இப்போது அது குரல்வளையின் சத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பெய்யுன்தான் எழுந்து போனாள்.

நிங்நிங்கை எங்கும் அனுப்பவில்லை. அனுப்புவதில்லை என்று யாரும் முடிவெடுக்கவும் இல்லை, அந்தப் பேச்சு அப்படியே கிடந்துவிட்டது. பெய்யுன் விடுப்பை நீட்டித்தாள், பிறகு வேலையை விட்டாள். போஷியாங் கடையிலேயே அதிக நேரம் இருந்தான். தாவோயுவான் நகரத்தில் ஒன்றுவிட்ட அண்ணனோடு இன்னொரு கடை போடுவதாகச் சொல்லி அங்கே போய்த் தங்க ஆரம்பித்தான். திங்கட்கிழமைகளில் வருவான். வரும்போது குழந்தைக்கு எப்போதும் பொம்மை, அதுவும் சத்தம் போடும் பொம்மை. நிங்நிங் அதைப் பிடிக்கமாட்டாள். அவனே சாவி கொடுத்து, அவனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவான்.

பெய்யுன் கேட்டாள். வேறு வேலை இல்லை, நிங்நிங்கின் அழுகையைக் கேட்டாள். சத்தத்தில் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துபோனதால் சத்தத்துக்கு முன்னாலும் பின்னாலும் கேட்டாள். அழுவதற்கு முன்னால் நிங்நிங் மூச்சை உள்ளே இழுப்பாள். சில தடவை அது இரண்டு துண்டாக உடைந்து போகும், அப்போது புட்டியைக் கொடுத்தால் குடிப்பாள். சில தடவை மூச்சு இழுக்கும் சத்தமே இருக்காது, இடது கை மட்டும் காதுக்குப் போகும். அப்போது மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவினால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவாள். அழுகை முடிந்தபின் உதடு நடுங்கினால் அவளுக்குக் குளிர். பெய்யுனுக்கு இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. ஒரு திங்கட்கிழமை போஷியாங்கிடம் சொன்னாள்.

"பாரு, இப்ப பாரு. மூச்சு ஒடைஞ்சுதா? பசி. நான் சொன்னேன்ல?"

அவன் புட்டியையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான். "எப்பக் குடுத்தாலும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யறா, பெய்யுன்."

"இல்ல, வித்தியாசம் இருக்கு."

"சரி. இருக்கு."

"என்னைப் பைத்தியம்னு நெனைக்கறியா?"

"இல்ல. உனக்கு ஏதாவது ஒண்ணு வேணும். அத நான் எதுக்குக் கெடுக்கணும்," என்றான். அதில் குத்தல் இல்லை, அன்புதான் இருந்தது. அதனாலேயே அது அவளை அப்படி அறுத்தது. நிம்மதிக்காகச் சொல்வதுதான் என்ற சியூ அக்காவின் குரல் அதற்குப் பிறகு அவளை விடவில்லை. அவள் தன்னிடமே அப்படிச் சொல்லிக்கொள்கிறாளா? கேட்டுச் சரிபார்க்க இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆள் பேசமாட்டாள்.

ஆனாலும் அவள் தன் காதை நம்பினாள். வேறு எதை நம்புவது?

நிங்நிங்குக்கு ஒரு வயது தாண்டிய குளிர்காலத்தில், இடது கை காதுக்குப் போகும் அந்த அழுகை அடிக்கடி வந்தது. தூக்கம் என்று பெய்யுனுக்குத் தெரியும். மெத்தையில் குப்புறப் போட்டுத் தடவினாள். தூங்கவில்லை. இன்னும் தடவினாள், மெதுவாகப் பாடினாள், திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. வெளியே விடாமல் மழை, ஈரத்துணிகள் கூடமெங்கும் தொங்கின. அதற்கு அடுத்த நாள் காலை தலையணையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. காதுக்குள் சீழ் கட்டி, உடைந்து வழிந்திருந்தது. அத்தனை நேரமும் அந்தக் காதை மெத்தையில் அழுத்தி அழுத்தி பெய்யுன்தான் படுக்க வைத்திருந்தாள்.

டாக்டர் வெங் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிச்சிருக்குமே," என்றார். பிறகு பெய்யுன் முகத்தைப் பார்த்து, "சொல்லத் தெரியாத கொழந்தைங்களுக்கு இது சகஜம்தான்," என்று சேர்த்துக்கொண்டார்.

போஷியாங்குக்குப் போன் செய்து சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"நீ தனியா என்னதான் பண்ணுவ," என்றான் அவன். பின்னால் எண்ணெயில் மீன் விழுது பொரியும் சத்தம் கேட்டது. "சாப்டியா?"

"ம்."

சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த கோடையிலிருந்து நிங்நிங்கின் குரல் உடைய ஆரம்பித்தது. முதலில் கரகரப்பு, சளி என்று நினைத்தாள். பிறகு உச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பயிற்சி நிலையத்தில் நிங்நிங்கை உருளையின் மேல் உட்காரவைத்துப் பழக்கும் பெண் ஒருநாள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"கேட்டீங்களா நிங்நிங் அம்மா? குரல் எவ்ளோ நல்லா தொறந்துருக்கு! சாதாரணக் கொழந்த மாதிரியே அழறா! தொண்ட வளர்றப்ப சில பேருக்கு இப்படி மாறும். வாழ்த்துகள்."

"நன்றி," என்றாள் பெய்யுன். உட்காரவைத்த நிங்நிங் பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தாள்.

குரல் மாறியதோடு மற்றதும் மாறிவிட்டது. மூச்சு உடைவதில்லை. கை காதுக்குப் போவதில்லை. உதடு நடுங்குவது நின்றுபோயிற்று. உண்மையோ பொய்யோ, அவள் கைவசம் இருந்த மூன்றும் போயின.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் பெய்யுன் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சன்னல் திறந்திருந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. எந்த வீட்டிலும் கேட்கும் கனத்த, சாதாரண அழுகை. பக்கத்துக் கட்டடம் என்று நினைத்தாள். நறுக்கியதைக் கூடையில் அள்ளிப்போட்டு, குழாயைத் திறந்து கழுவினாள். அழுகை நிற்கவில்லை. என்ன ஜன்மங்கள், பெற்றவள் எங்கே போனாள், யாராவது போய்த் தூக்கக்கூடாதா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. குழாயை மூடினாள். அப்போதுதான் அழுகை சன்னல் பக்கமிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

ஈரக்கையோடு ஓடினாள். நிங்நிங் பாயில் மல்லாந்து கிடந்து, முகம் சிவந்து, கூரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். பெய்யுன் புட்டியைக் கொடுத்தாள், அவள் நாக்கால் தள்ளினாள். துணி காய்ந்திருந்தது. நெற்றியில் சூடில்லை. காதின் பின்பக்கம் அழுத்திப் பார்த்தாள், வாயைத் திறந்து ஈறைத் தடவிப் பார்த்தாள், கால் விரல்களில் ஏதாவது நூல் சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். தூக்கினாள், நடந்தாள், கிடத்தினாள், மறுபடி தூக்கினாள்.

"என்னடி? என்னம்மா வேணும் உனக்கு? சொல்லு. எதுன்னாலும் சரி, சொல்லு."

தெரிந்த பதில்கள் எல்லாம் தீர்ந்தபின் பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நிங்நிங் அழுதாள். கூடத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழுந்து விளக்கைப் போடத் தோன்றவில்லை. பிறகு, தொடங்கியது போலவே, அழுகை தானாக நின்றது. பெய்யுன் ஒன்றும் செய்திருக்கவில்லை. எதற்கு அழுதாள் என்பதைப் போலவே எதற்கு நிறுத்தினாள் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.